முழு மார்க்

ஜூன் 4

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

நலம்தானே? ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டாக்டருக்குப் படித்தோம். நான் பிரசவம் பார்க்க வந்தேன். நீ, நான் வைத்த பட்டப்பெயருக்கு ஏற்றபடி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் வைத்தியத்தின் தரத்தைக் கணக்குப் போட்டு ஆராய்கிறாய். உன் பெயர் பேப்பரில் வரும்போதெல்லாம் நர்ஸுகளிடம் காட்டிப் பீற்றிக்கொள்வேன். அதற்கு நீ செய்யும் கைம்மாறா இது? என் பிரசவ ஆஸ்பத்திரியைப் போன்ற சின்ன இடங்களில் பிரசவமே பார்க்கக் கூடாது என்று அறிக்கை எழுதுகிறாயாமே! உன் ஆட்கள் வந்து விசாரித்தபோது எல்லாத் தாய்மார்களும் எனக்கு முழு மார்க் போட்டார்களே, அது உன் கண்ணில் படவில்லையா?

கோபத்துடன்,
வாயாடி

ஜூன் 15

என் வாயாடிக்கு,

திட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. அந்த முழு மார்க்கைப் பார்த்துத்தான் பயந்தேனடி. அவர்கள் உன் அன்புக்கு மார்க் போட்டிருக்கிறார்கள். திடீரென்று ரத்தப்போக்கு வந்தால் ஏற்றுவதற்கு ரத்தம் எங்கே, ஆபரேஷன் தியேட்டர் எங்கே என்று ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை. இரண்டும் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கின்றன என்பது உனக்கே தெரியும். இதை உன்னிடம் சொல்லாமல் உலகத்துக்கெல்லாம் சொன்னால் நான் என்ன சிநேகிதி? உன் நட்பு போய்விடுமோ என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன்.

மாறாத அன்புடன்,
கணக்குப்பிள்ளை

ஆகஸ்ட் 20

அன்புத் தோழிக்கு,

இத்தனை நாள் வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை. போன வாரம் என் மகளுக்கு வலி கண்டது. யோசிக்கவே இல்லை, காரில் ஏற்றி நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சுகப்பிரசவம், பெண் குழந்தை. திரும்பி வந்ததும் எங்கள் தலைமை நர்ஸ் கேட்டாள்: "ஏம்மா, நம்ம இடத்துலயே பாத்திருக்கலாமே? உங்க கைராசிக்கு என்ன கொறச்சல்?"

பதில் சொல்ல வாயே வரவில்லை. எனக்கு வாயாடி என்று பெயர் வைத்த நீ அப்போது பார்த்திருக்க வேண்டும். ஊரார் பெண்களுக்குப் போதும் என்று நினைத்த அறை என் பெண்ணுக்குப் போதவில்லையே!

எல்லோரும் என்னைக் கைராசிக்காரி என்று கொண்டாடினார்கள். நீ ஒருத்திதான் உள்ளதைச் சொன்னாய். அதற்கு எப்படி நன்றி சொல்வேன்? நீ கிடைத்தது என் பாக்கியமடி. இனி இங்கே கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை மட்டும்தான். வலி கண்டவர்களை எங்கள் வேனில் அனுப்பிவைப்போம். முடிந்தபோதெல்லாம் நானும் கூடப் போய்க் கையைப் பிடித்துக்கொள்வேன்.

உன் அறிக்கையில், எங்கள் பிரசவ அறை மூடப்பட்டது என்று சேர்த்துக்கொள். மூடியவள் நான்தான் என்பதையும் மறக்காமல் எழுது.

நன்றியுடன்,
வாயாடி