அண்ணனுக்காகப் படுக்கவைத்த போத்தல்

என் பிடிவாதக்கார அப்பாவுக்கு,

ஓம், திறந்துவிட்டேன். அண்ணன் வரவில்லை. நான்தான் திறந்தேன்.

துறைமுக ஜெற்றியில் கப்பல்களுக்குத் தண்ணீர் ஏற்றிய நாளில், ஒரு பிரெஞ்சுச் சமையற்காரன் உங்களுக்குத் தந்த சிவப்பு வைன். "மகன்ரை கலியாணத்துக்கு. படுக்கவைக்கோணுமாம் பிள்ளை, வைக்க வைக்கத் திறமாகுமாம்" என்றீர்கள்.

"சாமிப்படம் உள்ள வீட்டிலை குடியோ?" என்று அம்மா சண்டை பிடித்தா.

"இது குடியில்லை இஞ்சேர், பிரெஞ்சு."

அம்மாவே சிரித்துவிட்டு அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் இடம் ஒதுக்கினா.

பிறகு ஆமியின் சுற்றிவளைப்பு. அண்ணனைக் கொண்டுபோனார்கள். நீங்கள் கதவைப் பிடித்தபடி நின்றீர்கள். ஒரு சொல் இல்லை.

அடுத்த முறை வந்த ஆமிக்காரன் அலுமாரியைக் கிளறிப் போத்தலை எடுத்தான். "என்ரை மகன் வரேக்க திறக்க வைச்சிருக்கு. தரமாட்டன்" என்றீர்கள். துவக்குப் பிடியால் உங்கள் தோளில் இடித்தான். நீங்கள் விடவில்லை. அவன் சிரித்துவிட்டுப் போனான்.

ஒரு போத்தலுக்கு வந்த குரல், அண்ணனைக் கொண்டுபோன அன்று எங்கே போனது, அப்பா?

அதன்பின் எல்லாவற்றுக்கும் உங்களிடம் ஒரே பதில். "பிந்தட்டும். பிந்தினா இன்னும் திறமா வரும்." வைனைச் சொன்னீர்களா, அண்ணனையா?

பல்கலைக்கழக நூலகத்தில் படித்தேன். நல்ல பிரெஞ்சு வைன் முதலில் துவர்க்கும். குளிர்ந்த நிலவறை இருட்டில், ஆடாமல் அசையாமல் வருசக்கணக்காகக் கிடந்தால் துவர்ப்பு அடங்கும், மணம் விரியும். எங்கள் தகரக் கூரைக்குக் கீழே, ஷெல் விழும்போதெல்லாம் அதிர்கிற அலுமாரிக்குள், அது எப்போதோ செத்திருக்கும். உங்களிடம் சொல்லவில்லை. என் வாயும் உங்கள் வாய்தான்.

நேற்று உங்கள் ஆண்டுத் திவசம் முடிந்தது. இன்று மத்தியானம் அகப்பைக் காம்பால் தக்கையை உள்ளே தள்ளினேன். செங்கல் நிறம். காடி மணம்.

அம்மா குசினியிலிருந்து வந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தா.

"சரியாப் புளிச்சுப்போச்சு. அவன் வரேக்க வேற ஒண்டு எடுப்பம்."

எனக்கு ஏலாது, அப்பா. இன்னொரு போத்தலுக்குக் காவல் இருக்க ஏலாது. நாளைக் காலையில் ஆமி முகாம் வாசலுக்குப் போவேன். அண்ணனின் பெயரை உரத்துச் சொல்லி, எங்கே என்று கேட்பேன். பதில் வரும்வரை நிற்பேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு. நீங்கள் தந்திருக்க வேண்டியது.

வைனை முற்றத்தில் ஊற்றினேன். போத்தலைக் கழுவிக் காயவைத்து, விளக்குக்கு வாங்கிய மண்ணெண்ணெயை அதில் விட்டு, குசினியில் நிமிர்த்தி வைத்தேன்.

உங்கள் மகள்,
அவனுடைய தங்கச்சி