தூக்கிய கை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதிப் பழகிவிட்டது. அப்படியே வைத்துக்கொள்.

நீ அனுப்பிய அறிக்கை வந்து சேர்ந்தது. "அட்டையில யாருன்னு பாருக்கா, நான்தான் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்துக் குடுத்தேன்" என்று போனில் எவ்வளவு பூரிப்பாகச் சொன்னாய்! பார்த்தேன். புகை கக்கும் பழைய பாய்லரை மாற்றும்வரை சாயப்பட்டறையை மூடலாமா என்று பேச உங்கள் ஆய்வு மையத்தார் இங்கே கூட்டிய கூட்டத்தில் எடுத்த படம். நான் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். கீழே, மாற்றத்தை வரவேற்கும் பெண்கள் என்று போட்டிருக்கிறீர்கள்.

தம்பி, நான் கேள்வி கேட்கத்தான் கை தூக்கினேன். மைக் முன்வரிசையைத் தாண்டவே இல்லை. "நேரமாச்சும்மா" என்று சொல்லிவிட்டு உங்கள் ஆட்கள் வண்டி ஏறிவிட்டார்கள்.

பட்டறையைப் பூட்டியாகிவிட்டது. அரசு உத்தரவில் உங்கள் அறிக்கையைத்தான் காரணம் காட்டியிருக்கிறார்கள். உன் மாமா இப்போதும் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்புகிறார். தெருமுனை வரை போய்த் திரும்பிவிடுகிறார்.

புது பாய்லர் விற்கிற கம்பெனிதான் உங்கள் மையத்துக்குப் படியளக்கிறது என்று ஊரில் பேச்சு. "தம்பி அங்க, அக்கா இங்க, நல்ல ஏற்பாடு" என்கிறார்கள். எதிர்வீட்டுக்காரி நேராகவே கேட்டாள்: "ஒரு கைக்கு எவ்வளவும்மா குடுத்தாங்க?" அவள் புருஷனும் மாமாவோடு பாய்லரில் நின்றவர். மையத்துக்கு யார் பணம் தருகிறார்கள் என்று உன்னைக் கேட்டதற்கு, "அதெல்லாம் உனக்குப் புரியாதுக்கா" என்றாய். புரிகிற மாதிரி ஒரே ஒரு வரி எழுதேன்.

புகை நல்லதென்று நான் சொல்லவில்லை. கொடியில் காயும் வெள்ளைத் துணியே சொல்லும். எனக்கும் இருமல்தான். பாய்லரை மாற்றி முடிக்கும்வரை எங்கள் ஆட்களுக்குச் சம்பளம் யார் தருவார்கள்? அவ்வளவுதான் அன்றைக்கு நான் கேட்க இருந்தது.

அந்தப் புத்தகத்தை மாமா கிழித்துப் போடுவார் என்று பயந்தேன். உள்ளே உன் கையெழுத்து இருக்கிறதாம், கிழிக்கவில்லை. அட்டை தெரியாமல் கவிழ்த்து வைத்திருக்கிறார்.

படத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதன் கீழே என் கேள்வியைப் போடச் சொல். அங்கே மைக் உனக்கு எட்டும். முடியாதென்றால் அதையாவது மறைக்காமல் எழுது.

விடுமுறைக்கு வா. இருட்டியபின் வராதே, பகலில் வா. மாமா பஸ் நிலையத்துக்கு வரமாட்டார். நான் வருவேன். எதிர்வீட்டைத் தாண்டித்தான் நாம் நடக்க வேண்டும்.

நீ குறையில்லாமல் இருக்க வேண்டும், தம்பி.

உன் அக்கா