மேக்னா யாருக்கு ‘ங்க’ போடுகிறாள்?

பீளமேடு,
14.6.2024

கதிரேசன் அவர்களுக்கு,

இங்கே நலம். புனேயில் மழை தொடங்கியிருக்கும். குடை வாங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நம் மகள் மேக்னா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்கிறாள். படிக்க இன்னும் தெரியாது என்பதால் இந்தக் கடிதம்.

பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். தலைமையாசிரியை பத்மாவதி மேடம் வகுப்புக்குள் வந்ததும் எல்லாக் குழந்தைகளும் எழுந்து வணக்கம் சொல்ல, மேக்னா மட்டும் “மேடம், நீ வா, இங்க உக்காரு” என்றாளாம். அன்றைக்கே, கிரேயானைப் பிடுங்கிய வம்சி என்ற பொடியனிடம் “ஏனுங்க வம்சி, குடுத்துப்போடுங்க” என்றாளாம். பெரியவர் சின்னவர் தெரியவில்லை, மொழி வளர்ச்சியில் கோளாறு என்கிறார் மேடம். “ஆகஸ்ட் வரைக்கும் பாப்போமுங்க. சரியாகாட்டி எல்கேஜி வேண்டாம், ப்ரீகேஜிலயே இன்னொரு வருசம் இருக்கட்டுங்க.”

கோவையில் மரியாதை முளைக்காத குழந்தை, பல் முளைக்காத குழந்தையைவிடக் கவலைக்குரியது. நாம் இருவரும் அவளுக்கு என்ன கற்றுக்கொடுத்தோம் என்று யோசித்துப் பாருங்கள்.

மெர்சி

புனே,
22.6.2024

மெர்சி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. குடை வாங்கவில்லை.

எங்கள் கம்பெனியில் ஒரு பம்ப் தண்ணீர் இறைக்காவிட்டால் முதலில் பம்பைத் திட்டுவதில்லை. எப்போது இறைக்கிறது, எப்போது மறுக்கிறது என்று குறித்துவைப்போம். அவள் யாருக்கு ‘ங்க’ போடுகிறாள், யாரை ‘நீ’ என்கிறாள் என்று ஒரு வாரம் எழுதி அனுப்புங்கள். காரணம் என்னவென்று தெரிந்துகொள்ள நிஜமாகவே ஆசையாக இருக்கிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. சொன்னதுபோல் தோன்றினால் அது என் கையெழுத்தின் குற்றம்.

இன்னொன்று. என்னை மூன்று வருடம் இங்கேயே இருக்கச் சொல்கிறார்கள். ஆகஸ்ட் பத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் எண்ணம் தெரிந்தால் நல்லது.

கதிரேசன்

பீளமேடு,
3.7.2024

கதிரேசன் அவர்களுக்கு,

கேட்ட பட்டியல் இதோ. ‘ங்க’ பெற்றவர்கள்: வம்சி, ஊசி போட்ட டாக்டர், எதிர்வீட்டு நாய் (“கொரைக்காதீங்க!”), மிக்ஸி, பாகற்காய். ‘நீ’ பெற்றவர்கள்: நான், மேடம், காரமடை மாமா, இரவு ஜெபத்தில் இயேசு.

எனக்கு ஒன்றும் பிடிபடாமல் அவளிடமே கேட்டேன்.

“ஏங்கண்ணு, வம்சிக்கு எதுக்கு ‘ங்க’ போட்டே?”

“அவன் மேல கோவம்.”

“அப்ப மேடத்துக்கு ஏன் போடல?”

“அது நல்ல மேடம். எனக்கு ஸ்டார் குடுத்துச்சு.”

“கோவம்னா ‘ங்க’ போடோணும்னு யாரு கண்ணு சொன்னது?”

“நீயும் அப்பாவும்தான்.”

நல்ல நாட்களில் நாம் ‘வாடா’, ‘போடி’. நீங்கள் புனே போகும் முன் கடைசி ஒரு வருடம் இந்த ஊரிலேயே மரியாதையான தம்பதி நாம்தான். “சாப்பாடு டேபிள் மேல இருக்குதுங்க.” “பரவால்லீங்க, நீங்க சாப்பிடுங்க.” ஒரு கதவைக்கூட அறைந்து சாத்தவில்லை. குழந்தைக்கு எதுவும் தெரியாது என்று நம்பினோம். அவள் அதற்குள் இலக்கணமே எழுதி முடித்துவிட்டாள்.

இதை மேடத்திடம் சொல்ல முடியுமா? அவர் தினமும் பத்து நிமிடம் அவளை எதிரே உட்காரவைத்து ‘பெரியவங்களுக்கு ங்க’ என்று பாடம் நடத்துகிறார்.

புனே விஷயம் உங்கள் விருப்பமுங்க.

மெர்சி

புனே,
30.7.2024

மெர்சி அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நான் வந்தபோது நீங்கள் சர்ச்சிலிருந்து திரும்பவில்லை. உங்கள் அண்ணன்தான் அவளுக்குத் துணையாக இருந்தார். மேக்னாதான் கதவைத் திறந்தாள். “வாங்கப்பா, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?” மேடத்தின் பாடம் பலித்துவிட்டது என்று சந்தோஷத்தில் அவளைத் தலைக்குமேல் தூக்கினேன். நாள் முழுக்க ‘ங்க’தான். மனசு நிறைந்து ரயில் ஏறினேன்.

ஈரோடு தாண்டும்போதுதான் பாகற்காய் ஞாபகம் வந்தது.

அது மரியாதையா, கோபமா? அவளிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை. நீங்கள் கேட்டு எழுதுங்கள். பத்தாம் தேதிக்கு முன்னால் தெரிந்தாக வேண்டும்.

கதிரேசன்

பீளமேடு,
3.8.2024

கதிரேசனுக்கு,

கேட்டேன். கோபம்தான்.

“அப்பா சிரிச்சாரே கண்ணு?”

“அப்பாவுக்குத் தெரியலம்மா. மேடம் சொல்லிக்குடுத்த ‘ங்க’ன்னு நெனச்சுக்கிட்டாரு. நீ சொல்லிப்போடாத. அழுதுபோடுவாரு.”

தனக்குத் தெரிந்தது எதிரே இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது நாலு வயதை ஒட்டிப் பிடிபடுமாம். நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில் அதற்கு ஓர் அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. பிடிபட்ட கையோடு, அழாமல் இருக்கட்டும் என்று ஒருவரை உண்மை தெரியாமலேயே விட்டுவைக்கவும் வருமா என்று தேடினேன். நான் புரட்டிய பக்கங்களில் இல்லை.

பள்ளியில் இப்போது எல்லோருக்கும் ‘ங்க’. எல்கேஜி உறுதியாகிவிட்டது. இனி அவளுக்கு யார் மேல் கோபம் என்று வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. மேடம் இதற்கு முன்னேற்றம் என்று பெயர் வைத்திருக்கிறார்.

சொல்லாதே என்றாள், சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்லாமல் வைத்திருப்பவை ஏற்கெனவே அதிகம். புனேயில் இருக்க வேண்டாம் என்பது அவற்றில் ஒன்று.

மெர்சி

புனே,
9.8.2024

மெர்சி,

கையெழுத்துப் போடவில்லை. இங்கே கணக்கு முடித்து அனுப்ப ஒரு மாதம் ஆகும் என்கிறார்கள். செப்டம்பர் இரண்டாவது வாரம் வருகிறேன்.

நீ சொன்னதை அவளிடம் காட்டிக்கொள்ளாதே. எனக்குத் தெரியாது என்றே அவள் நினைத்துக்கொள்ளட்டும். ‘வாங்கப்பா’ என்றால் மரியாதை கிடைத்தவன் மாதிரி சிரிக்கிறேன். எத்தனை நாளானாலும் சிரிக்கிறேன்.

உன்னிடம் அந்த நடிப்பு எனக்கு வராது. கோபம் இருந்தால் வாயைத் திறந்து திட்டு. வாசலிலேயே தொடங்கினாலும் சரி. பெட்டியை உள்ளே வைத்துவிட்டு நின்று கேட்கிறேன்.

கதிர்