நாவலூர் வீட்டு லிஃப்ட்

மேற்குத் தாம்பரம்
ஞாயிறு

அன்புள்ள மாளவிகாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கடவுள் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தை பிரணவும் குளிருக்கு அடக்கமாக, சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

புதன்கிழமை உன் நாவலூர் ஃபிளாட்டுக்குப் புது எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்ட வேண்டுமென்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். புதிதாக வந்த செக்யூரிட்டி, இன்னா ஆயா டெலிவரியா, இந்த லிஃப்ட் ஓனருங்களுக்கு, அப்டிக்கா படில போ என்றான். நான் ஓனரின் அம்மா என்று சொல்லியிருக்கலாம், அந்த நேரம் ஒரு வீட்டு நாய் அதே லிஃப்டில் இறங்கி வந்தது, அதைப் பார்த்துவிட்டுப் பெட்டியோடு படியிலேயே ஏறினேன். பாதி வழியில் ஒருத்தி பெரிய கறுப்புப் பையைப் பக்கத்தில் வைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரென்று நினைக்கிறாய், அஸ்தினாபுரத்தில் இருந்தபோது நம் பின்வீட்டு ஜீவரத்தினம் சார் மகள் ஜெரூஷா, உன்னோடு ஒரே ஆட்டோவில் பள்ளிக்கூடம் போனவள். மாசமாக இருக்கிறாள். இப்போது ஒரு ஆப் கம்பெனிக்காக வீடு வீடாகப் போய் ஃபேஷியல் செய்கிறாளாம். என்னையும் பெட்டியையும் பார்த்து, ஆன்ட்டி நீங்களும் டெலிவரில சேந்துட்டீங்களா, கடை என்னாச்சு என்று அந்த மூச்சிரைப்பிலும் சிரித்தாள்.

ஃபேஷியலுக்கு அவளை வரச் சொல்லியிருந்த வீட்டுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனேன். கதவைத் திறந்தவள், லேட்டு, கேன்சல் பண்ணிட்டேன் என்று சொல்லி மூடிவிட்டாள். சாயங்காலமே கம்பெனி இவள் ஐடியை நிறுத்திவிட்டது. ஏனென்று கேட்க ஆள் கிடையாது, போனில் எழுதினால் போனே பதில் எழுதுகிறது. அவளை வேலைக்காரி என்றுகூடச் சொல்ல மாட்டார்களாம், பார்ட்னராம். நான் தவணைக்குப் பாத்திரம் விற்றுத் தொடங்கி மூன்று பேரோடு கூட்டு வைத்தவள், என்னைக் கேட்காமல் விலை வைத்து, என்னைக் கேட்காமல் என்னையே வெளியே தள்ளுகிற கூட்டாளியை நான் கண்டதில்லை. நானும் லாபத்துக்குக் கடை நடத்துகிறவள்தான், ஆனால் என் கடையில் ஒரு பெண் மயங்கி விழுந்தால் அது என் பாடு. அரசாங்க நல வாரியத்தில் பதிந்து அட்டைகூட வைத்திருக்கிறாள், அந்த அட்டைக்கு லிஃப்ட் திறக்கவில்லை.

அசோசியேஷன் செக்ரட்டரி ஸ்ரீநிவாசனைப் பிடித்து, இது எவன் போட்ட சட்டம் என்று சத்தம் போட்டேன். அவர் நிதானமாகப் போனைத் திருப்பிக் காட்டி, மேடம், க்ரூப்ல ஓட்டு வெச்சோம், மொதல்ல ஓகே போட்டது உங்க பொண்ணுதான் என்றார். நாலு பேர் பார்க்க நின்றேன். உன்னைக் கூப்பிட்டால், பாதுகாப்புக்காகப் போட்டதும்மா, எமோஷனலாப் பேசாத என்கிறாய். நீ மாசமாக இருந்தபோது கால் நீட்ட ஆபீசில் தனி நாற்காலி கொடுத்தார்கள் என்று போட்டோ அனுப்பினாயே, அதைக் கடையில் எல்லோருக்கும் காட்டியவள் நான். அங்கே உனக்கு ஒரு நியாயம், இங்கே அவளுக்கு ஒன்றா?

இப்போது செய்ய வேண்டியது சின்ன வேலை. தாமதம் அவள் தப்பல்ல, எங்கள் கட்டடத்தின் விதியால் வந்தது என்று வீட்டுக்காரர் யாராவது எழுதிக் கொடுத்தால் ஐடியைத் திரும்பப் பார்ப்பார்களாம், அதற்கும் வரும் வெள்ளிவரைதான் கெடு, தபால் அதற்குள் வராது என்று இந்தக் காகிதத்தைப் போட்டோ எடுத்து இன்றே உன் போனுக்கு அனுப்புகிறேன். ஸ்ரீநிவாசன் முடியாது என்றுவிட்டார். வீடு உன் பேரில் இருக்கிறது, என் கையெழுத்து செல்லாது. அவள் கணவனுக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கம்பெனியில் வேலை போய்விட்டது, பிரசவம் வரை இவள் கையை நம்பித்தான் அந்த வீடு. அவள் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். முதல் ஆளாக ஓகே போட்ட விரலால் முதல் ஆளாக இதையும் எழுது, க்ரூப்பில் அந்த விதியை எடுக்கச் சொல்லியும் எழுது.

பிரணவுக்குச் சளி இருந்தால் தலைக்கு ஊற்றாதே. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. நீ நோய்நொடி இல்லாமல் நிறைவாக இரு, பெற்றவள் வேறென்ன சொல்வேன். உன் ஃபிளாட் சாவி செக்யூரிட்டி ரூமில் இருக்கிறது, வாடகைக்கு நீயே ஆள் பார்த்துக்கொள். ஜெரூஷாவுக்கு எழுதிக் கொடுத்த பிறகு எனக்குப் போன் செய். அதற்கு முன்னால் வேண்டாம்.

இப்படிக்கு,
அம்மா திரிபுரசுந்தரி