அப்பாவின் கையும் சிவப்பு விளக்கும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

கைக்குழந்தையோடு கிளம்பி வரலாமா, அதற்குள் அப்பாவின் கை ஆறிவிடுமா என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி சொல்லவும் எனக்கு வராது. போனில் பேசினால் அவர் பக்கத்திலேயே வந்து நிற்பார், அதனால்தான் எழுதுகிறேன். அந்தக் கையை விட்டால் நாங்கள் இருவரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும். சலவைக்கூடத்தில் நாள் முழுக்க ஈரத்துணியில் கிடக்கிற கை, படர்தாமரை போவேனா என்கிறது. களிம்பு போட்டால் அடங்கும், நிறுத்தினால் மறுபடி தலைதூக்கும். மாத்திரை அவர் ஈரலுக்கு ஆகாது. அதனால் தோல் டாக்டர் இப்போது வெளிச்ச வைத்தியம் செய்கிறார். வேறொரு களிம்பைத் தடவி, வெளிச்சம் படாமல் கட்டி வைத்து, அது ஊறிய பிறகு சிவப்பு விளக்கைக் காட்டுகிறார்கள். இரண்டும் சேர்ந்து பூஞ்சையைக் கொல்லுமாம். சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குத் திரும்ப வருகிறது என்று டாக்டரே சொன்னார். அப்படிச் சொன்னதால்தான் எனக்கு அவர்மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

நேற்று விளக்கு காட்டிவிட்டு, இரண்டு நாள் கையில் வெயிலே படக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்கள். உன் அப்பா இன்று காலை மாடியில் கட்டை அவிழ்த்துவிட்டு, கையை வெயிலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், காசு கொடுத்து வாங்குற வெளிச்சம் நல்லதுன்னா சும்மா கிடைக்கிறது மட்டும் கெட்டதா என்கிறார். கை சிவந்து வீங்கிவிட்டது. நன்றாகத் திட்டத்தான் ஆரம்பித்தேன். சீக்கிரம் ஆறணுமே, குட்டி வந்துடுமே என்றார். நிழலுக்கு இழுத்து வந்து கட்டை மறுபடி சுற்றிவிட்டேன். மத்தியானம் அவரே, இப்போ வர வேண்டாம்னு சொல்லிடு, இது ஒட்டிக்கிற நோயாச்சே, குட்டி என்னைப் பார்த்துக் கையை நீட்டினா நான் எங்கே போய் ஒளியறது என்றார்.

நாளை டாக்டரிடம் காட்டிவிட்டு எழுதுகிறேன், அதுவரை டிக்கெட் போடாதே. குட்டி தூங்கும்போது நீயும் படுத்துக்கொள், பாத்திரங்கள் எங்கும் ஓடிவிடாது. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள்.

உன் அம்மா

மறுநாள். வீக்கம் பாதி வடிந்திருக்கிறது. வெயிலில் காய்ந்ததற்கு உன் அப்பா டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பூஞ்சை போகுமா என்பது சில வாரம் கழித்துத்தான் தெரியுமாம். டாக்டரிடம் தானாக ஒரு கேள்வியும் கேட்டறியாத மனுஷன், வாசல்வரை வந்தவர் திரும்பிப் போய், பேத்தியைத் தூக்கலாமா டாக்டர் என்று கேட்டார். புண்ணை மூடிக் கட்டி, துவைத்த பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு தூக்குங்கள் என்றார் டாக்டர். நீ டிக்கெட் போடு. சற்றுமுன் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன், புதுக் கையுறையோடு தலையணையைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், பஞ்சு கட்டிகட்டியா இருக்கு, உதிர்த்துவிடறேன் என்றார்.