சேறு ஆகாது, சாணி ஆகுமாம்

3 ஜூன், செவ்வாய்

அனல். காற்றே இல்லை. முத்தியால்பேட்டையில் ஆறுமுகம் என்பவர் வீட்டுப் பின்பக்கம் போர் போடும் வேலை. பழைய போரில் உப்புத் தண்ணீர். அவர் மகள் கலா பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். மாதம் நெருங்கிவிட்டது, அதனால் அவசரம்.

கொண்டுபோனவை: மிஷின், பைப், பென்டோனைட் மூட்டை. அந்தக் களிமண் மாவைக் கரைத்து விட்டால்தான் மணலில் குழி சரியாமல் நிற்கும். மூட்டையைப் பிரித்ததும் ஆறுமுகம் குறுக்கே வந்தார்.

"இன்னாய்யா, குடிக்கிற தண்ணியில சேத்த ஊத்துற? நல்ல தண்ணி வுட்டுத் தோண்டு."

"மணல் பூமி சார், சரிஞ்சிடும்."

"நான் ரிட்டயர்டு ஆபீசரு. எனக்கே சொல்றியா?"

எந்த ஆபீசோ. அங்கே மணல் இல்லை போல.

4 ஜூன், புதன்

நல்ல தண்ணீர் விட்டோம். மதியத்துக்குள் குழி மூடிக்கொண்டது. துளை போடும் ராடு உள்ளே மாட்டிக்கொண்டது, இழுத்து எடுப்பதற்குள் உயிர் போய்விட்டது. ஆறுமுகம் நாற்காலி போட்டு வேடிக்கை. "உன் மிஷின் சரியில்லப்பா."

என் பாப்பாவுக்குக் காது மருந்து வாங்க மறந்துவிட்டேன்.

5 ஜூன், வியாழன்

இடம் தள்ளி மறுபடி. பென்டோனைட் இன்றும் ஆகாது. அவர் மனைவியின் யோசனை: சாணி. கூடையில் தயாராக வேறு.

"சாணி சுத்தம், தம்பி. வாசல்லியே தெளிக்கிறோம்ல."

களிமண் அழுக்காம், மாடு போட்டது சுத்தமாம். படித்த குடும்பம்! சாணியும் குழியைப் பிடித்து நிறுத்தும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே கிடந்து அழுகும், கிருமி நிற்கும். சொன்னேன். "எங்க ஊர்ல எல்லாம் இப்பிடித்தான்" என்று ஒரே பாட்டு. எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று கரைத்து ஊற்றினேன்.

மருந்து வாங்கியாச்சு.

7 ஜூன், சனி

பைப் இறக்கி, கம்ப்ரசர் விட்டுக் கழுவி, தண்ணீர் வந்துவிட்டது. உப்பே இல்லை. பார்க்கத் தெளிவு. மூக்கருகே கொண்டுபோனால் மாட்டுக்கொட்டகை.

ஆறுமுகம் கற்பூரம் காட்டினார். எனக்குத் துண்டு போர்த்தினார். "பாத்தியா, நான் சொன்னேன்ல?" பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு அவர்களிடமும் அதே பெருமை. என்ன ஜென்மமோ.

கலா வந்து டம்ளரில் பிடித்தாள். இன்னொரு கை வயிற்றின் மேல். அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க குடிப்பீங்களா?"

வாரம் முழுக்க மனசுக்குள் இவர்களை முட்டாள் என்று திட்டியாகிவிட்டது. ஊற்றியது என் கை. வெட்கமாக இருந்தது.

"மாட்டேம்மா. நீயும் குடிக்காத."

ஆறுமுகம் கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றார்.

"அப்பறம் இன்னாத்துக்குய்யா ஊத்துன?"

அந்த ஆள் இந்த வாரத்தில் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி.