இளைத்த மூச்சுக்கு நான் இட்ட பெயர்

என் உயிரினும் இனியவருக்கு,

ஐம்பது ஆண்டுகள் "இஞ்சாருங்கோ" என்று மட்டுமே அழைத்துப் பழகியவள், கடிதத்தில் உங்களை எப்படி விளிப்பேன்? புத்தூர்த் தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுத்தாயிற்று. நீங்கள் இருந்தால் பாதியை அயலுக்கே கொடுத்திருப்பீர்கள்.

எழுத வந்தது வேறு. சென்ற கிழமை உங்கள் தம்பி வந்திருந்தார். தேநீர் குடித்தபடி, "அண்ணை கடைசியிலை நல்லாப் பயந்திட்டார், என்ன மச்சாள்?" என்றார். அந்தச் சொல்லை ஊருக்குக் கொடுத்தவளே நான்தானே?

சுருட்டுப் புகையில் நைந்த நுரையீரலோடு நீங்கள் கட்டிலில் இருந்து மூச்சு வாங்கி இளைத்தபோது, "சிவனை நம்பினவை உப்பிடிப் பதறுவினமோ? ஐந்தெழுத்தை எண்ணி ஆறுதலா மூச்செடுங்கோ" என்று கண்டித்தேன். மூச்சை வென்ற யோகியரின் பாடல்களை ஓதி ஓதி வளர்ந்த செருக்கு. எனக்காக எண்ணத் தொடங்கினீர்கள். மூன்றாம் எழுத்தில் தோற்று, கையை விரித்துச் சிரித்தீர்கள்.

"நான் பதறேல்லையப்பா. நெஞ்சுதான் கேக்குதில்லை. வேணுமெண்டால் நீர் அதோடை கதைச்சுப் பாரும்."

நான் சிரிக்கவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "அவருக்கு மனப்பயம்" என்றேன்.

தம்பி போனபின், மருத்துவரான நம் மருமகளிடம் கேட்டேன்.

"பயமில்லை மாமி. கழுத்திலை இரத்தக்குழாய் பிரியிற இடத்திலை அரிசியளவு உறுப்பு ஒண்டு இருக்கு. இரத்தத்திலை ஒட்சிசன் குறைஞ்சால், அதின்ரை கலங்களிலை பொற்றாசியம் வெளியாலை போற சின்ன வாசல், அயன் கால்வாய் எண்டுறது, மூடும். பிறகு கல்சியம் உள்ளை வாற கால்வாய் திறக்கும். உடனை நரம்பு வழியா மூளைக்குச் செய்தி போகும், கெதியா மூச்செடு எண்டு. நித்திரையிலையும் நடக்கும். மாமா நினைச்சாலும் நிப்பாட்டேலாது."

நித்திரையிலும் நீங்கள் அவ்வாறே இளைத்ததைக் கண்டவள் அல்லவா நான்? எத்தனையோ பாடலுக்குப் பொருள் சொன்ன எனக்கு, அருகில் கிடந்த உங்கள் மூச்சின் பொருள் விளங்கவில்லை. அந்த அரிசியளவுக் காவலை உங்கள் கழுத்தில் வைத்தவன் யாரென்று எனக்குத் தெரியும். அவன் பெயரைச் சொல்லியே உங்களைக் கண்டித்தேன்.

என் சொல்லை நம்பி, உங்களை நீங்களே கோழை என்று எண்ணிக்கொண்டா போனீர்கள்? அதை மட்டும் யாரிடம் கேட்பேன்?

நீங்கள் போய் ஓராண்டு நிறையும் ஆட்டைத் திவசத்துக்கு இன்னும் பதினொரு நாள். உறவினர் எல்லாரும் வருவார்கள். இலை போடுமுன், தம்பியையும் முன்னால் இருத்தி, எழுந்து நின்று சொல்வேன்: "அவர் பயப்படேல்லை. நான்தான் பிழையாச் சொன்னனான்." நான் பாடவேண்டிய பதிகம் அதன் பின்னரே.

மன்னிப்பை நாடும்
உங்கள் இல்லாள்